கொம்பனித்தெருவில் மறைந்த சொல்

1. கேள்வி

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் ஒரு புத்தகம் பல வருடங்களாகக் கைமாறிக்கொண்டிருக்கிறது. அலெக்ஸ் ஹேலியின் ‘ரூட்ஸ்’ நாவலைச் சுருக்கி ஏ.ஜி. எத்திராஜுலு தமிழில் தந்த ‘ஏழு தலைமுறைகள்’. மண்ணிறத் தாளால் உறை போட்டது. இரவல் எடுத்தவர்கள் உள்ளட்டையில் பெயர் எழுத வேண்டும் என்பது நான் வைத்த ஒழுங்கு. இப்போது அங்கே பதினொரு பெயர்கள் இருக்கின்றன. நாவலின் நாயகன் குண்ட்டா கிண்ட்டே கப்பலின் அடித்தட்டில் விலங்கோடு கிடக்கும் பக்கங்களின் ஓரம் விரல் பட்டுப் பட்டுக் கறுத்துவிட்டது. இரண்டாம் மாடியில் இருக்கும் யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர் இரண்டே இரவில் முடித்துவிட்டு வந்து, “நித்திரையே வரேல்லைத் தம்பி, மனிசரை இப்பிடியும் செய்வினமோ” என்று கேட்டார்.

அதே அன்ரியிடம் பிறகு கே. டானியலின் ‘அடிமைகள்’ நாவலைக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தது. நாற்பதாம் பக்கமளவில் பஸ் டிக்கட் ஒன்று அடையாளமாக வைக்கப்பட்டிருந்தது. “உதெல்லாம் இப்ப ஆர் கதைக்கினம்?” என்றார். குரலில் கோபம் இல்லை. ஒருவித அலுப்புத்தான் இருந்தது.

இந்தக் கட்டுரை அந்தப் பஸ் டிக்கட்டிலிருந்து தொடங்குகிறது. அமெரிக்க அடிமையின் கதையை இவ்வளவு நெருக்கமாக உணரும் கொழும்புத் தமிழ் வாசகர், தன் மண்ணின் அடிமைமுறையையும் அதை அடுத்து வந்த தோட்ட, ஆலை உழைப்பையும் பற்றிய புனைவுகளுக்கு முன்னால் ஏன் தயங்கி நின்றுவிடுகிறார்? சாதி அபிமானம் என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடலாம். அது பொய்யும் ஆகாது. ஆனாலும் அந்த அபிமானத்துக்கு ஒதுங்க இடம் கொடுத்தவை சில உள. நம் இடப்பெயர்களும் இலக்கிய வகைப்பாடுகளும் அவற்றில் முக்கியமானவை என்பது என் வாதம்.

2. இடப்பெயர் மறைத்த சொல்

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் புகையிரதத்தில் போகிறவர் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி தாண்டிக் கொம்பனித்தெருவைக் கடக்கிறார். ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கு நெடுங்காலமாக வழங்கிய பெயர் ஸ்லேவ் ஐலன்ட், அடிமைத் தீவு. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி தன் அடிமைகளைப் பேரே வாவி சூழ்ந்த அந்த நிலத்துண்டில் அடைத்து வைத்ததால் வந்த பெயர் அது. தமிழும் சிங்களமும் கொம்பனியை வைத்துக்கொண்டு அடிமையை விட்டுவிட்டன. ஆண்டவனின் பெயர் நம் நாவில் தங்கியது, அடைபட்டவனின் பெயர் தங்கவில்லை. 2022இன் இறுதியில் ஆங்கிலத்திலும் கொம்பஞ்ஞவீதிய என்றே வழங்க வேண்டுமென்று அரசு பணித்தது. அவமானச் சொல்லொன்றை நீக்கும் நல்லெண்ணம் அதில் இருக்கலாம். எனக்கோ, அந்த மனிதர்கள் இங்கே இருந்ததற்குத் தெருவில் மிஞ்சியிருந்த கடைசிச் சாட்சியம் போய்விட்டதே என்ற கவலைதான் பெரிதாகத் தெரிகிறது.

அவர்கள் ஏதோ சிறு கூட்டமும் அல்லர். 1694ஆம் ஆண்டின் ஒல்லாந்தக் கணக்கெடுப்பை ஆராய்ந்த ஹெரிட் க்நாப், கொழும்புக் கோட்டையிலும் நகரிலும் வாழ்ந்தோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அடிமைகள் என்று காட்டியிருக்கிறார். சோழமண்டலக் கரை பஞ்சத்தில் வாடிய காலங்களில் ஒல்லாந்தர் அங்கே ஆட்களை விலைக்கு வாங்கி, பத்தாவியாவுக்கும் இலங்கைக்கும் ஏற்றினர். பதினேழாம் நூற்றாண்டின் இந்து சமுத்திர அடிமை வாணிகத்தைப் பற்றி யாழ்ப்பாணத்தவரான வரலாற்றாசிரியர் சின்னப்பா அரசரத்தினம் விரிவாக எழுதியிருக்கிறார். விற்கப்பட்டவர்களில் தமிழ் பேசியவர்கள் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களை வாங்கி வைத்திருந்தவர்களிலும் தமிழ் பேசியவர்கள் இருந்தார்கள்.

1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த யாழ்ப்பாண வழக்காற்றுச் சட்டமான தேசவழமையில் அடிமைகள் பற்றித் தனிப் பகுதியே உண்டு. கோவியர், நளவர், பள்ளர் என்று சாதிப் பெயராலேயே அடிமைகளை அது குறிக்கிறது. பன்னிரண்டு முதலியார்கள் அத்தொகுப்பைப் பார்த்து, வழக்கத்துக்கு ஒத்தது என்று ஒப்புதல் தந்தனர். சொத்துரிமைச் சட்டமாகத் தேசவழமை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. காணி எழுதக் கொழும்பில் சட்டத்தரணியிடம் போகிற யாழ்ப்பாணத்தவர் அந்தப் பெயரை இயல்பாகச் சொல்கிறார். அதே ஏட்டில் மனிதரும் சொத்தாக எழுதப்பட்டிருந்தார்கள் என்பது அந்த மேசையில் ஒருபோதும் பேசப்படுவதில்லை.

3. ‘சரித்திர நாவல்’ என்னும் அலமாரி

தமிழில் சரித்திர நாவல் என்றால் வாசகர் மனத்தில் எழுவது கல்கிதான். ‘சிவகாமியின் சபத’மும் ‘பொன்னியின் செல்வ’னும் அந்த வகையின் இலக்கணத்தையே வகுத்துவிட்டன. குதிரையும் சுரங்கப்பாதையும் அரசுரிமைப் போட்டியும் இருந்தால் அது வரலாறு. கார்த்திகை மழையில் கொழுந்துக் கூடையோடு மலை ஏறுகிறவளின் கதை வேறொரு தட்டுக்குப் போய்விடுகிறது.

ஜார்ஜ் லூக்காச் வரலாற்று நாவலைப் பற்றி 1930களில் எழுதியபோது அழுத்திச் சொன்னது இதற்கு எதிரானது. வரலாற்றுப் பெருமாற்றங்கள் சாதாரண மனிதரின் வாழ்வுக்குள் எப்படி இறங்குகின்றன என்று காட்டுவதே அந்த வகையின் ஆற்றல் என்றார் அவர். விமர்சகர் கைலாசபதி 1968இல் வெளியிட்ட ‘தமிழ் நாவல் இலக்கிய’மும் நாவலைச் சமூக மாற்றத்தின் பிள்ளையாகவே பார்த்தது. இருந்தும் நம் பதிப்புலகும் பாடத்திட்டங்களும் கட்டிய தட்டுகள் மாறவில்லை. டானியல் ‘தலித் இலக்கியம்’. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’யும் சி.வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவ’னும் ‘மலையக இலக்கியம்’. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’, அவர் தமிழாக்கிய கார்க்கியின் ‘தாய்’ ஆகியவை ‘முற்போக்கு இலக்கியம்’. ஹேலியின் நாவல் ‘மொழிபெயர்ப்பு’.

இந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் போராட்டத்தில் பிறந்தவை. மலையக இலக்கியம் என்ற பெயர் இல்லாதிருந்தால் அந்த எழுத்துக்குத் தனி இருக்கையே கிடைத்திராது. ஆகவே பெயர்களை அழிக்கும்படி நான் கேட்கவில்லை. என் கவலை வேறு. நான்கு தட்டுகளில் பிரிந்து கிடக்கும் இந்நூல்கள், மனித உழைப்பு எப்படி ஒருவருடைய உடைமையாயிற்று என்ற ஒரே வரலாற்றின் அத்தியாயங்கள். தட்டு மாறிய பிறகு அவற்றைச் சேர்த்து வாசிக்கும் பழக்கம் நம்மிடம் இல்லாமற் போயிற்று. பிரிந்து கிடப்பதால் ஒவ்வொன்றையும் “அது அவர்களுடைய கதை” என்று ஒதுக்கிவிடவும் முடிகிறது.

4. இறைசாலும் துண்டும்

சேர்த்து வாசித்தால் என்ன தெரியும்? இரண்டு சிறிய பொருட்களை அருகில் வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது இறைசால் என்ற அக்கால நாணயம். பிரித்தானிய ஆட்சி 1818இல் வடக்கின் அடிமைகளைப் பதிவு செய்யும்படி உடைமையாளருக்கு ஆணையிட்டது. 1821இல் இன்னொரு படி எடுத்து வைத்தது. அவ்வாண்டு ஏப்ரில் முதல் அடிமைத் தாய்க்குப் பிறக்கும் பெண் குழந்தைகளை அரசு காசு கொடுத்து விடுவித்தது. பெண் விடுதலையானால் அவள் வயிற்றில் பிறப்போரும் விடுதலையாவர் என்பது கணக்கு. கோவியக் குழந்தைக்கு மூன்று இறைசால், நளவ, பள்ளக் குழந்தைக்கு இரண்டு. விடுதலைக்குள்ளும் சாதி விலைப்பட்டியல் இருந்தது. அந்தக் காசு பிள்ளையைப் பெற்றவள் கைக்குப் போகவில்லை, உடைமையாளர் கைக்கே போயிற்று. அடிமைமுறை முற்றாக ஒழிந்தது 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால். காலனித்துவ இலங்கையின் அடிமைகளைப் பற்றி நிரா விக்கிரமசிங்க 2020இல் வெளியிட்ட ஆய்வு நூல், இந்த மனிதர்கள் ஆவணங்களின் ஓரங்களில் எப்படித் தென்பட்டு மறைகிறார்கள் என்பதைப் பொறுமையாகத் தேடிக் காட்டுகிறது.

இரண்டாவது துண்டு. அடிமை ஒழிப்புச் சட்டம் வந்த அதே 1840களில் கண்டி மலைகளில் கோப்பிக் காடுகள் விரிந்தன. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் ஆள்கட்டி அழைத்து வந்தார்கள். மொரிசியசுக்கும் பீஜிக்கும் போனவர்களைப் போல இவர்கள் ஐந்து வருட ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்கவில்லை. சட்டப்படி மாத முன்னறிவித்தல் கொடுத்து விலகலாம். ஆனால் வழிச்செலவும் முற்பணமும் கங்காணியின் கணக்கில் கடனாக ஏறியிருந்தன. தொழிலாளியின் கடன் தொகையை எழுதி, அதைக் கட்டினால் இவரை விடுவிக்கிறோம் என்று தோட்டம் கொடுக்கும் சிறு காகிதம்தான் துண்டு. அது கையில் இல்லாமல் அடுத்த தோட்டத்தில் பேர் பதிய முடியாது. 1865ஆம் ஆண்டுச் சட்டம், சொல்லாமல் வேலையை விட்டுப் போவதைச் சிறைக்குரிய குற்றமாக வைத்திருந்தது. துண்டு ஒழிந்தது 1921இல்.

இதை அடிமைமுறை என்று சொல்லலாமா என்பது பழைய விவாதம். ஹியூ டின்கர் 1974இல் எழுதிய நூலுக்கு ‘புதிய அடிமைமுறை’ என்றே தலைப்பிட்டார். இலங்கைக் கோப்பித் தோட்டங்களை ஆராய்ந்த டொனோவன் மோல்ட்ரிச் தம் நூலின் தலைப்பிலேயே பிணைப்பு என்ற சொல்லை வைத்தார். மறுதரப்பின் வாதமும் வலுவானதே. தோட்டத் தொழிலாளியை விற்க முடியாது. அவர் பிள்ளை சட்டப்படி எவருடைய சொத்தும் இல்லை. முதல் தலைமுறையினர் பலர் பருவம் முடிய ஊர் திரும்பினர். இந்த வேறுபாடுகளை அழித்துவிட்டு எல்லாவற்றையும் அடிமைத்தனம் என்று சொன்னால், உண்மையிலேயே விற்கப்பட்டவர்களுக்கு அநீதி செய்தவர்களாவோம். சட்டப் பொருளில் இரண்டும் ஒன்றல்ல என்பதே என் முடிவும். ஆனால் மனிதரின் நடமாட்டத்தை ஒரு தொகையாக எழுதி, அதைக் கட்டுகிறவரிடம் அவரைக் கையளிக்கும் முறை இரண்டிலும் இருக்கிறது. இறைசாலுக்கும் கங்காணியின் கடன் கணக்குக்கும் நடுவில் இருபது, முப்பது வருட இடைவெளிதான்.

5. புனைவு சாட்சி சொல்லுமா?

வரலாற்றாசிரியர்கள் இங்கே நியாயமாகவே எச்சரிப்பார்கள். ஹேலியின் நூலே அதற்கு உதாரணம். 1976இல் வெளிவந்து உலகையே உலுக்கிய அந்நூலில் ஹெரல்ட் கூர்லாண்டரின் நாவலிலிருந்து பகுதிகள் எடுக்கப்பட்டிருந்ததாக வழக்கு எழுந்தது. 1978இல் ஹேலி பணம் கொடுத்து அதைத் தீர்த்துக்கொண்டார். அவர் தேடிக் கண்டதாகச் சொன்ன வம்சாவளியையும் வம்சாவளி ஆய்வாளர்கள் ஆவணங்களோடு ஒப்பிட்டுக் கேள்விக்குள்ளாக்கினர். எங்கள் தொடர்மாடியில் அந்த நூலை வாசித்த பதினொரு பேருக்கும் இது தெரியாது. அவர்கள் அதை வரலாறாகவே வாசித்தார்கள்.

அப்படியானால் அந்தக் கண்ணீர் வீணா? நான் அப்படி நினைக்கவில்லை. ஆவணம் உடைமையாளரின் கையெழுத்து. பதிவேட்டில் பெயரும் வயதும் சாதியும் இருக்கும். பிள்ளையை அரசு ‘வாங்கிய’ அன்று தாய் என்ன நினைத்தாள் என்பது இருக்காது. அந்த வெற்றிடத்தைப் புனைவு நிரப்பும்போது அதன் நேர்மையை எடைபோட வேண்டிய பொறுப்பு வாசகருக்கு வந்துவிடுகிறது. எழுத்தாளருக்கு இது எங்கிருந்து கிடைத்தது என்று ஒவ்வொரு நூலையும் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்விக்கு நம் நூல்கள் தரும் பதில்கள் ஒன்றுபோல இல்லை. 1969இல் ‘ரெட் டீ’ எழுதிய பி.எச். டேனியல் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர், பின்னர் தொழிற்சங்கத்தில் உழைத்தவர். முதிய தொழிலாளரிடம் கேட்டறிந்ததை வைத்தே கருப்பனையும் வள்ளியையும் படைத்தார். இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் அது ‘எரியும் பனிக்காடு’. நோயாளியின் உடலைத் தொட்டுப் பார்த்த கை அந்த நாவலின் காய்ச்சல் பக்கங்களில் தெரிகிறது. புதுமைப்பித்தன் ‘துன்பக் கேணி’யை 1930களில் எழுதியது திருநெல்வேலிச் சேரியிலிருந்து கப்பலேறிய பெண்ணின் பக்கம் நின்று. இரக்கம் கூர்மையானது, தோட்டத்தின் அன்றாடம் மெலிந்தது. 1964இல் வந்த ‘தூரத்துப் பச்சை’ கண்ணுக்குக் குளிர்ச்சி என்ற பழமொழியின் பாதியையே தலைப்பாக்கி, கடல் கடந்து வந்த குடும்பத்தை லயத்துக்குள் கொண்டுபோய் நிறுத்துகிறது. அதன் பெண்கள் ஆவணங்களின் ‘கூலி’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்காதவர்கள்.

டானியல் வேறு வகை. ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்து, தீண்டாமை ஒழிப்புப் போராட்டங்களில் நேரே நின்றவர். 1984இல் வெளிவந்த ‘அடிமைகள்’, சட்டம் அடிமைமுறையை ஒழித்துப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் யாழ்ப்பாணத்தில் கமக்காரர் வளவுக்குள் தொடர்ந்த அடிமை குடிமை வாழ்வைத் தலைமுறைகளினூடாகச் சொல்கிறது. கலைநயம் குறைவு, பாத்திரங்கள் வகைமாதிரிகளாக நிற்கின்றன என்ற விமர்சனம் பழையது. அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் 1844இன் சட்டம் வளவின் படலைக்கு வெளியே நின்றுவிட்டது என்பதை அந்த நாவல் போல எந்த அறிக்கையும் எனக்கு உணர்த்தவில்லை. தலைப்புக்கு அவர் தேர்ந்த சொல்லே ஒரு வரலாற்று வாதம். சட்டம் இல்லையென்று அறிவித்துவிட்ட சொல்லை, அறிந்தே எடுத்து அட்டையில் அச்சிட்டார்.

6. ஆலை இருந்த இடம்

ஆலைச் சமூகத்தைப் பற்றிய கதைகள் நம் வாசகருக்குப் பெரும்பாலும் மான்செஸ்டர், ரஷ்யா, அதிகம் போனால் கோயம்புத்தூர். வெள்ளவத்தை வாசகருக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. ஹவ்லொக் வீதியில் ஹவ்லொக் சிற்றி மாடிகள் நிற்கும் நிலத்தில்தான் வெள்ளவத்தை நூற்பு நெசவாலை இருந்தது. 1933 பெப்ரவரியில் அங்கே எழுந்த வேலைநிறுத்தம் இலங்கை இடதுசாரி இயக்கத்தின் முதற் களங்களுள் ஒன்று. ஆலைத் தொழிலாளரில் பெரும்பாலோர் இந்திய வம்சாவளியினர். அன்றுவரை கொழும்புத் தொழிலாளரின் தலைவராக விளங்கிய ஏ.ஈ. குணசிங்க அந்த வேலைநிறுத்தத்தை எதிர்த்தார். கொல்வின் ஆர். டி சில்வாவைத் தலைவராகக் கொண்டு புதுச் சங்கம் உருவானது. குமாரி ஜெயவர்தனவின் தொழிலாளர் இயக்க வரலாறு இதை வர்க்கமும் இனமும் மோதிய தருணமாகப் படிக்கிறது. பொருளாதார மந்தம் இறுகிய அந்த வருடங்களில், இந்தியத் தொழிலாளிக்கு எதிரான பேச்சு நகரத் தொழிற்சங்கத்துக்குள்ளேயே வேர்விட்டது. தோட்டத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு நிலம் பண்பட்டது இப்படியான இடங்களிலும்தான்.

‘தாய்’ நாவலின் ஆலைச் சங்கொலியை மனப்பாடமாகச் சொல்லும் தோழர்களை எனக்குத் தெரியும். வெள்ளவத்தையிலும் ஒரு சங்கொலி இருந்தது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே நூல்களில் தேடித்தான் அறிந்தேன். அன்று எனக்கு வந்த வெட்கத்தை இன்றும் மறக்கவில்லை.

7. இரவல்

அச்சில் அருகிப்போன நூல்களை வாழவைப்பது இரவல்தான். வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகமும் காலி வீதியின் புத்தகக் கடைகளும் இருக்கின்றன. நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிம வடிவில் பாதுகாத்து எவரும் வாசிக்கத் தருகிறது. கொட்டாஞ்சேனைப் பக்கம், கொழும்பு 13 ஸ்ரீ கதிரேசன் வீதியில், டொமினிக் ஜீவா ‘மல்லிகை’யைத் தன் முதுமையிலும் நடத்தினார். யாழ்ப்பாணத்தில் சிகை அலங்கரிப்பு நிலையத்திலிருந்து 1966இல் தொடங்கிய இதழ் அது. டானியலும் அவரும் ஒரே இயக்கத்தில் வளர்ந்தவர்கள். ஒடுக்கப்பட்டோரின் எழுத்தைத் தோளில் துணிப்பை மாட்டிக்கொண்டு வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்த மனிதர் ஜீவா. பகிர்தல் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் துணிப்பைதான் நினைவுக்கு வருகிறது.

என் சிறிய வாசிப்பு வட்டத்தில் நூல்களை இப்போது தட்டு மாற்றிக் கொடுக்கிறேன். தோட்ட நாவல்கள் வெள்ளவத்தைக்கு, டானியல் கொட்டாஞ்சேனைக்கு. கொட்டாஞ்சேனையில் ஒரு அக்கா இருக்கிறார். பண்டாரவளைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து, பதினாறு வயதில் கொழும்புக்கு வந்தவர். அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தவர்கள். முன்பு ‘எரியும் பனிக்காடு’ வாசித்தபோது, தன் பாட்டனின் துண்டு ஒன்று தகரப் பெட்டியில் நெடுநாள் கிடந்ததாகவும், எழுத்துத் தெரியாத பாட்டி அதைக் காணி உறுதி என்று நினைத்துப் பத்திரப்படுத்தியதாகவும் சொன்னார்.

‘அடிமைகள்’ அவரிடம் ஒரு வாரம்தான் இருந்தது. திருப்பித் தரும்போது பக்கங்கள் பலவற்றில் மெல்லிய பென்சில் கோடுகள்.

“யாழ்ப்பாணத்துல இப்படின்னு எங்களுக்கு யாருமே சொல்லலையே தம்பி. இவங்களுக்கும் துண்டு மாதிரி ஏதாச்சும் இருந்துச்சா?” என்று கேட்டார்.

துண்டு இருக்கவில்லை, அதற்கும் முன்னால் 1818இல் ஒரு பதிவேடு போட்டார்கள், யார் யாருடைய அடிமை என்று உடைமையாளர் போய்ப் பெயர்களைக் கொடுக்க வேண்டும் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப அவங்களுக்கும் பேர் பதிஞ்சிருக்காங்க” என்றார்.